எள்ளுக் குளவி வளர்த்தவள்

அந்தத் தெருவில் இப்போது மாடுகள் இல்லை. கொட்டில்கள் நின்ற இடத்தில் கார் கழுவும் பட்டறையும், பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கூரை வரை அடுக்கிய கிடங்குகளும் வந்துவிட்டன. ஆயினும் மழை விட்ட மறுநாள் வெயில் சுள்ளென்று அடிக்கும்போது, பழைய செங்கல் சுவர்களிலிருந்து வைக்கோலும் சுண்ணாம்பும் கலந்த ஒரு வாசனை கிளம்பும். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் அந்த வாசனைக்கு ஒரு நிமிடம் நின்று, மூச்சை ஆழ இழுத்துக்கொண்டுதான் நகர்வார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், பால், மாடு, தீவனம் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் சல்லடையிடம் வந்து நிற்பார்கள்.

சல்லடை என்பது ஒரு பெண்ணின் பட்டப்பெயர். பெற்றோர் வைத்த பெயர் அவளுடைய அக்காவுக்கு மட்டுமே நினைவிருந்தது. அவளும் கோபம் தலைக்கேறினால்தான் அதைச் சொல்லிக் கூப்பிடுவாள். இடுப்பில் ஒரு வட்டச் சல்லடை, கையில் நுனி தேய்ந்த துடைப்பம், மறு கையில் சுண்ணாம்பு வாளி, தலையில் இறுக்கிக் கட்டிய துணி. இந்தக் கோலத்தில் அவள் தெருமுனையில் தென்பட்டாலே, யாரோ ஒருவருடைய கொட்டிலில் ஈ பெருகிவிட்டது என்று பொருள். மாட்டுக் கொட்டில், கோழி அறை, தீவனக் கிடங்கு, குதிரை லாயம் எதுவானாலும் ஈயை ஒழித்துத் தருவதே அவள் தொழில்.

ஈ என்றவுடன் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றும் ஓரிரண்டை நினைத்துக்கொள்ளக் கூடாது. மாட்டின் கண்ணோரத்தில் மை அப்பியது போல் மொய்க்கும் ஈக்கள் அவை. மாடு வாலைச் சுழற்றும். கறக்கக் குனிந்தவரின் கன்னத்தில் ஈர வாலின் அறை விழும். பால் பாதியில் நின்றுவிடும். பால் பாத்திரத்தில் ஓர் ஈ மிதந்தால் அன்றைய உழைப்பு முழுவதும் சாக்கடைக்குப் போகும். அந்தத் தெருவினர் ஈக்குப் பயந்த அளவுக்குத் திருடனுக்குப் பயந்ததில்லை.

சல்லடை கொட்டிலுக்குள் வந்ததும் ஈயை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். "தண்ணி எங்க தேங்குது?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"ஈ மேல சுத்துது. நீ என்னடான்னா தரையை மோந்து பாக்குற?" என்று ஆட்டுக்காரம்மா ஒருமுறை எரிந்து விழுந்தாள். அவள் தெருக்கோடியில் ஆடு வளர்த்தவள். வாய்க்குப் பூட்டுப் போடாதவள்.

"மேல சுத்துறது நேத்தே பொறந்தாச்சு. நாளைக்குப் பொறக்கப் போறது உங்க தொட்டிக்கு அடியில இருக்கு. முதல்ல எதைப் பாக்கணும், சொல்லுங்க?"

சொல்லிக்கொண்டே தீவனத் தொட்டியை நெம்பிப் புரட்டினாள். தொட்டி கசிந்து, சிந்திய தீவனமும் சாணமும் கலந்து, அடியில் ஓர் அடை போல் இறுகிக் கிடந்தது. மேலே காய்ந்திருந்த அந்த அடையைக் கத்தி முனையால் பிளந்தபோது, உள்ளே நறுக்கிய நூல் துண்டுகள் போல வெள்ளைப் புழுக்கள் கொத்துக் கொத்தாக நெளிந்தன. ஆட்டுக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். திரும்பி வந்து கேட்ட முதல் வார்த்தை, "இதெல்லாம் என் வீட்டுக்குள்ளயா இருந்துச்சு?" என்பதுதான்.

அதன்பிறகு நடப்பது ஒரே ஒழுங்கில் நடக்கும். ஈரக் குப்பை முழுவதையும் சுரண்டி எடுத்து, வெயிலில் மெல்லிய படலமாகப் பரப்புவாள். காய்ந்த சாணத்தில் புழு பிழைக்காது. கசிகிற குழாய்க்கும் தொட்டிக்கும் அடைப்பு வைப்பாள். தரையோரம் முழுவதும் சுண்ணாம்புத் தூள் தூவுவாள். ஈ வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும் என்பதால், பிசினும் எண்ணெயும் காய்ச்சிப் பூசிய காகிதப் பட்டைகளைச் சன்னலோரமாக மட்டும் தொங்கவிடுவாள். வேலை முடிந்த கொட்டிலில் புதிய வைக்கோல் விரித்ததும் கிளம்புகிற வாசனையைத்தான் இன்றைக்கும் அந்தச் சுவர்கள் விடாமல் வைத்திருக்கின்றன. சல்லடை வந்துபோன அன்று மாடுகள் நிம்மதியாகப் படுத்து அசைபோடும் சத்தம் வீட்டுக்குள் கேட்கும் என்று அத்தெருவினர் சொல்வார்கள். அதில் மிகையில்லை. வால் சத்தமும் குளம்புச் சத்தமும் அடங்கினால், அசைபோடும் சத்தம் கேட்கத்தான் செய்யும்.

இவ்வளவும் யாரும் செய்யக்கூடியவை. அவளுக்கே உரிய வேலை இதற்குப் பிறகுதான் தொடங்கும்.

சின்ன வயதிலிருந்தே அவள் குதிரை லாயத்தில் கூட்டிப் பெருக்கியவள். லாயத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையிலேயே குடியிருந்தாள். லாயத்தின் கிழக்கு மூலையில், நாளடைவில் குவிந்த பழஞ்சாணக் குவியல் ஒன்று உண்டு. ஈ மொய்க்க வேண்டிய இடம். ஆனால் அங்கே ஈ அரிதாகவே இருந்தது. மற்றவர்கள் அதை நல்ல காலம் என்று நினைத்துச் சும்மா இருந்தார்கள். அவளால் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் குவியலைச் சலித்துப் பார்த்தாள். புழு, ஈயாவதற்கு முன் தன்னைச் சுற்றிக்கொள்ளும் கூடுகள் சல்லடையில் தங்கின. கோதுமை மணியளவில், கருஞ்சிவப்பாக இருந்தன. அவற்றில் பலவற்றின் பக்கவாட்டில் ஊசியால் குத்தியது போல ஒரு துளை. ஈ வெளியேறினால் கூட்டின் முனை மூடி போலக் கழன்றுவிடும். இப்படித் துளை விழாது. அப்படியானால் உள்ளேயிருந்து போனது வேறு ஏதோ ஒன்று.

துளை விழாத கூடுகளைக் கண்ணாடிக் குப்பியில் இட்டு, வாயில் துணி கட்டி, சன்னலில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். முதலில் ஈக்கள் வந்தன. பிறகு நெடுநாள் ஒன்றும் வரவில்லை. செத்துவிட்டன என்று கொட்டப் போன நாளில், எள்ளுக்குக் கால் முளைத்தது போலக் கறுத்த, மிகச் சிறிய குளவிகள் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தன. ஈயின் கூட்டைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, ஈக்குரிய இடத்தில் தன் பிள்ளையை வளர்க்கும் குளவி. மனிதரைக் கொட்டாது, மாட்டைத் தொடாது, சாணக் குவியலை விட்டு அகலாது. அதன் பெயர் அவளுக்குத் தெரியாது. யாரிடமும் போய்க் கேட்கவுமில்லை. எள்ளுக் குளவி என்று தானே பெயர் வைத்துக்கொண்டாள்.

அன்றுமுதல் அவள் அறையில் டப்பாக்கள் சேர்ந்தன. லாயத்து மூலையில் சலித்த கூடுகளைப் புதிதாக இட்ட டப்பாவின் வாயில் நெருக்கமாக நெய்த வெள்ளைத் துணி கட்டுவாள். அதற்குள் முதலில் ஈக்கள் பிறந்து, வெளியேற வழியின்றி மடியும். அவற்றையும் உடைந்த ஓடுகளையும் சலித்துக் கொட்டினால், டப்பாவில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. மிஞ்சியவை எல்லாம் குளவி. அப்போதுதான் வெள்ளையை அவிழ்த்துவிட்டு, குளவி மட்டும் நுழைந்து வெளியேறக்கூடிய இழை விட்ட நீலத் துணியைக் கட்டுவாள். வெள்ளைத் துணி டப்பா அறையை விட்டு வெளியே போகக்கூடாது. நீலத் துணி டப்பாவைச் சுத்தம் செய்த கொட்டிலின் இருட்டு மூலையில் மாட்டிவிட்டு வருவாள். மிச்சமிருக்கும் ஈயைக் குளவி பார்த்துக்கொள்ளும்.

கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "என் ரூமுக்குள்ள வந்து இந்த டப்பாவெல்லாம் பாத்துட்டு, அப்புறமும் ஓடாம நிக்கிறவன் இருந்தா கூட்டிட்டு வாங்க" என்பாள். ஒருவன் வந்தான். வாசல்வரை வந்தான் என்று சொல்வதே சரி.

அவளுக்கென்று இருந்த உறவு அக்கா ஒருத்திதான். தாய் தகப்பன் போன பிறகு தங்கையைத் தோளில் போட்டு வளர்த்தவள். அதே தெருவில் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு, எட்டு மாடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மாலையில் கறவை முடிந்ததும் சல்லடை அக்கா வீட்டுக்குப் போவாள். வெள்ளைத் துணியும் நீலத் துணியும் என்ன கணக்கு என்பதை உலகத்தில் அவளைத் தவிர அறிந்திருந்தவள் அக்கா மட்டுமே. அந்தத் துணிகளை வெட்டி ஓரம் தைத்துக் கொடுத்ததே அக்காதான்.

மாமா கெட்டவர் அல்லர். சிரிக்கச் சிரிக்கப் பேசுபவர். கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருபவர். ஆனால் பொறுமை என்பது அவர் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. டீயை ஆறவிட்டுக் குடித்தவர் அல்லர். வாய் வெந்தால் வெந்த வாயோடு அடுத்த வேலைக்குப் போவார்.

தெருவின் பாலையெல்லாம் வாங்கிய நிறுவனம் ஒரு கோடையில் செய்தி அனுப்பியது. ஒவ்வொரு கொட்டிலையும் ஆள் வந்து பார்ப்பார்; ஈ மொய்க்கும் கொட்டிலின் பால், சுத்தமாகும்வரை எடுத்துக்கொள்ளப்படாது. மாமா செய்தி வந்த அன்றே மைத்துனியின் வாசலில் நின்றார்.

அவள் போனாள். தொட்டியைப் புரட்டினாள், சுரண்டினாள், காயவைத்தாள், சுண்ணாம்பிட்டாள். கொட்டில் பளிச்சென்றாயிற்று. மாட்டுக்கு நாலைந்து ஈ என்ற அளவுக்குக் குறைந்துவிட்டது.

"இந்த நாலும் எதுக்கு நிக்குது? குளவி டப்பாவைக் கொண்டா" என்றார் மாமா.

"இப்போ எதுவும் தயாரா இல்ல மாமா. நீலத் துணி டப்பா எல்லாம் கோழி ரூமுக்குப் போயிடுச்சு. கொஞ்சம் பொறுங்க."

"ஆளு வர்றப்போ அவன்கிட்டயும் பொறுங்கன்னு சொல்லவா?"

"அவரு நாலு ஈயைப் பார்த்து ஒண்ணும் சொல்லமாட்டாரு. எந்தக் கொட்டில்லதான் நாலு ஈ இல்ல?"

"என் கொட்டில்ல ஒண்ணுகூட இருக்கக்கூடாது. நான் உன் மாமன். ஊருக்கெல்லாம் செய்யிற, சொந்த வீட்டுக்கு நாலு ஈயை விட்டு வைக்கிற. நல்லா இருக்கு நியாயம்!"

அக்கா உள்ளேயிருந்து, "அவ தொழில் அவளுக்குத் தெரியும். நீங்க சும்மா இருங்க" என்றாள். மாமா வாயை மூடிக்கொண்டார். அவர் சும்மா இருந்ததாக எல்லோரும் நினைத்தார்கள்.

மறுநாள் சல்லடை ஆட்டுக் கொட்டிலில் வேலையாக இருந்தபோது, மாமா அவள் அறைக்குப் போனார். அந்த அறைக்குப் பூட்டு இருந்ததில்லை. அடுக்கியிருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாகக் குலுக்கிப் பார்த்தார். சில லேசாக இருந்தன. ஒன்று விளிம்புவரை நிறைந்து கனத்தது. நிறைய இருப்பதுதான் நன்றாக வேலை செய்யும் என்று அவருடைய அறிவு சொல்லிற்று. அந்தத் தொழிலில் அது நேர் எதிர். நிறைந்திருக்கும் டப்பா அன்றுதான் சலித்தது; அதில் பெரும்பங்கு இன்னும் பிறக்காத ஈ. மாமா அதை மேல்துண்டுக்குள் மறைத்து எடுத்து வந்து, துணியை அவிழ்த்து டப்பாவின் கழுத்திலேயே முடிந்து, கொட்டிலின் இருட்டு மூலையில் உத்தரத்தில் மாட்டினார். மைத்துனியிடம் கேட்டால் வேண்டாம் என்பாள். காரியம் முடிந்த பிறகு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

நிறுவனத்து ஆள் வந்த காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பே புழுக்கம் அதிகமாயிருந்தது. புழுக்கத்தில் கூடுகள் ஒருசேர உடைந்தன. ஆள் கொட்டிலுக்குள் தலையை நீட்டியபோது, இறக்கை உலர்ந்தும் உலராததுமான புது ஈக்கள் உத்தரத்திலிருந்து உதிர்வது போல் இறங்கிக்கொண்டிருந்தன. மாடுகள் முளையைப் பிடுங்காத குறை. ஆள் குறிப்பெழுதக்கூட நிற்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த வீட்டுப் பால் இப்போதைக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டிலுக்குப் போனார்.

தெருவே கூடிவிட்டது. மாமாவுக்கு முகத்தில் ஈயாடவில்லை. கொட்டில் முழுக்க ஆடிற்று. அத்தனை பேர் பார்வையும் தன்மேல் விழுந்தபோது அவர் கை தானாக உத்தரத்தை நோக்கி உயர்ந்தது.

"அங்க பாருங்க! அந்த டப்பாவில இருந்துதான் வருது. சல்லடை மாட்டின டப்பா. குளவி, குளவின்னு நம்மை ஏமாத்திட்டு, ஈயைத்தான் கொண்டுவந்து விட்டிருக்கா!"

அவர் சொன்னவற்றில் டப்பா உண்மை, ஈ உண்மை, டப்பாவிலிருந்து ஈ வந்ததும் உண்மை. மாட்டியது யார் என்ற ஓரிடத்தில் மட்டும்தான் பொய். மற்றதையெல்லாம் கண்ணால் கண்டவர்கள் அந்த ஒன்றையும் சேர்த்தே நம்பினார்கள்.

"அதானே! ஈ இல்லேன்னா அவளுக்கு வேலை ஏது?" என்றாள் ஆட்டுக்காரம்மா. அந்தக் கேள்விக்குப் பிறகு யாருக்கும் வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த சல்லடை, உத்தரத்தை ஒருமுறை பார்த்தாள். டப்பாவின் கழுத்தில் வெள்ளைத் துணி. அவளுக்கு நடந்தது முழுவதும் அந்தக் கணத்திலேயே விளங்கிவிட்டது. திரும்பி அக்காவைப் பார்த்தாள். அக்காவும் அதே துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் தைத்தவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? அக்கா கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, ஏற்கெனவே கழுவி முடித்த மாட்டின் முதுகை மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள்.

சல்லடை ஒன்றும் பேசாமல் டப்பாவை இறக்கி எடுத்துக்கொண்டு போனாள். பேசாமல் போனதே ஒப்புக்கொண்டதற்குச் சாட்சியாயிற்று.

அந்தக் கோடையில் ஒரு கொட்டிலின் கதவும் அவளுக்குத் திறக்கவில்லை. "நாங்களே பாத்துக்கிறோம்மா" என்று நயமாகச் சொன்னவர்கள் சிலர். "என்ன, ஈ வியாபாரம் எப்படிப் போகுது? விதை ஈ இருக்கா?" என்று தெரு நடுவில் நிறுத்திக் கேட்டவர்கள் பலர். அவள் மாலையில் அக்கா வீட்டுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள். அக்காவும் வந்து ஏன் என்று கேட்கவில்லை. வசவைவிட அவளைத் தின்றது அதுதான். குடத்தோடு எதிரே வரும்போது அக்கா அடுத்த சந்தில் திரும்பிவிடுவாள். அந்தச் சந்து எங்கும் போகாத முட்டுச்சந்து என்பது இருவருக்குமே தெரியும்.

தெரு மருந்தடிக்கும் பம்புகளை வாங்கியது. முதல்முறை அடித்தபோது ஈக்கள் முறத்தால் அள்ளும்படி செத்து விழுந்தன. எல்லோரும் கைதட்டாத குறை. தொட்டிக்கு அடியில் ஈரம் அப்படியே இருந்தது. கொஞ்ச நாளில் ஈக்கள் மீண்டும் வந்தன. மறுபடியும் அடித்தார்கள், இம்முறை லாயத்து ஓரங்களிலும். சல்லடை அந்த நாட்களில் லாயத்துச் சன்னல் விளிம்பை ஈரத்துணியால் துடைக்கும்போது, எள்ளைச் சிந்தியது போலக் குளவிகள் செத்துக் கிடக்கக் கண்டாள். அவற்றை ஒரு காகிதத்தில் கூட்டி எடுத்து, கொட்ட மனமில்லாமல் மடித்து வைத்தாள்.

கடைசியில் ஒருநாள் லாயக்காரர் அவள் அறை வாசலில் வந்து நின்றார். அவள் துடைப்பம் பிடித்த காலத்திலிருந்து அவளை அறிந்தவர்.

"பால் ஊத்துற ரூம்ல பேசி முடிவு பண்ணிட்டாங்கம்மா. கிழக்கு மூலைக் குவியலை அள்ளி, அந்த இடத்துல மருந்தடிக்கணுமாம். ஈயெல்லாம் அங்கிருந்துதான் பரவுதாம். உன் ரூமையும் காலி பண்ணச் சொல்றாங்க. நாளைக்குக் காலைல என்னைக் கூப்பிட்டு வெச்சுக் கேப்பாங்க."

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? என் குதிரைக்குத் தீவனம் அவங்க கிடங்குல இருந்துதானே வருது. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு. டப்பாவை மாட்டினது நீ இல்லைன்னு எனக்குத் தெரியும். பூட்டு வாங்கித் தரேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? கேட்டியா?"

"நான் இல்லைன்னா, அப்போ யாருன்னு கேப்பாங்கய்யா."

லாயக்காரர் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, "ஓ" என்று மட்டும் சொன்னார்.

மாமா என்று சொன்னால், பொய் சொன்னவரின் பாலை அங்கே யார் நம்பி அளப்பார்கள்? அக்காவின் எட்டு மாட்டுப் பாலும் அன்றே வாங்க ஆளின்றி நிற்கும். சொல்லாவிட்டால், குவியலும் அறையும் பேரும் போகும். இரண்டையும் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, அவள் தன் டப்பாக்களைத் துணியில் மூட்டை கட்டத் தொடங்கினாள்.

பால் ஊற்றும் அறை என்பது நீண்ட, ஓடு வேய்ந்த கட்டடம். நடுவில் கல்மேடை, மேடைமேல் அளவுக்காரர், இரு பக்கமும் கேன்களோடு வரிசை. மறுநாள் காலை வரிசை நகரவில்லை. லாயக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சல்லடை கதவோரத்தில் நின்றாள். மாமா வரிசையின் நடுவில், அக்கா அவருக்குப் பின்னால் கேனோடு. அவர்கள் வீட்டுப் பாலை அந்த வாரம்தான் மறுபடியும் எடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அளவுக்காரர் தொண்டையைச் செருமினார். "இதோ பாரும்மா. உன்மேல எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் இல்ல. டப்பா உன்னோடதுதானே?"

"என்னோடதுதான்."

"அதுல இருந்து ஈ வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன பேச்சு வேண்டிக்கிடக்கு?" என்றாள் ஆட்டுக்காரம்மா. "குவியலை அள்ளுங்க. அள்ளினாத்தான் தெரு உருப்படும்."

"மாட்டினது யாருன்னு கேளுங்க" என்றது ஒரு குரல்.

யார் பேசியது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கேனைத் தரையில் வைத்திருந்தாள். அவள் குரல் அந்த அறையில் அதுவரை கேட்டதில்லை. பாலை ஊற்றுவாள், போவாள்.

"ஏய், நீ சும்மா இரு" என்றார் மாமா, திரும்பாமலே.

"இத்தனை நாளும் சும்மாதானே இருந்தேன்." அவள் அளவுக்காரரைப் பார்த்துச் சொன்னாள்: "அந்த டப்பா கழுத்துல வெள்ளைத் துணி முடிஞ்சிருந்துச்சு. வெள்ளைத் துணி கட்டினது ரூமைத் தாண்டாது. அதுல ஈ இருக்கும்னு அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். துணி நான் தைச்சது. தெரிஞ்சே ஒருத்தி அதைச் சொந்த அக்கா வீட்டுல கொண்டுவந்து மாட்டுவாளா? மாட்டினது இவரு. ஆளு வர்றதுக்குள்ள ஒரு ஈகூட இருக்கக்கூடாதுன்னு அவசரப்பட்டுத் தூக்கிட்டு வந்துட்டாரு. நான் அன்னைக்கே துணியைப் பாத்தேன். பாத்துட்டு மாட்டைத் தேய்ச்சுக்கிட்டு நின்னேன்."

அக்கா கேனின் மூடியைத் திறந்தாள்.

"எங்க பாலை இன்னைக்கு வேண்டாம்னு சொன்னாலும் சரி. அவ குவியல்ல கை வைக்காதீங்க."

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் கழுத்து சிவந்து, பிறகு காது சிவந்தது. பொய்யின்மேல் இன்னொரு பொய்யை அடுக்கக்கூட அவருக்குப் பொறுமை இருந்ததில்லை. "ஆமா, எடுத்தேன்" என்றார் வெடுக்கென்று. "நிறைஞ்ச டப்பாவாப் பாத்து எடுத்தேன். நிறைஞ்சதுதானே நல்லதுன்னு யாரும் நினைப்பாங்க? நீங்க நினைக்கமாட்டீங்களா?"

யாரோ முதலில் சிரித்தார்கள். ஆட்டுக்காரம்மாவாகத்தான் இருக்கவேண்டும் என்று பின்னால் சொன்னார்கள். சிரிப்பு வரிசை முழுவதும் பரவியது. அது மன்னித்த சிரிப்பா, கேலியா என்று பிரித்தறிய முடியாத வகையில் இருந்தது. அளவுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கைகாட்டி, "அந்தக் கேனை இப்படி வையும்மா, முதல்ல உன்னோடதை அளக்குறேன்" என்று அக்காவை வரிசையின் முன்னுக்குக் கூப்பிட்டார்.

ஆட்டுக்காரம்மா வெளியே வந்ததும் சல்லடையின் முழங்கையைப் பிடித்தாள். "என் தொட்டி திரும்பக் கசியுதுடி. மதியம் வந்து பாரு. வாய்தான் பேசிச்சு; மனசுல ஒண்ணும் இல்ல."

"உங்க வாய் பேசினது தெரு முழுக்கக் கேட்டுச்சே. மனசு பேசினா மட்டும் ஏன் முழங்கையைப் பிடிச்சிக் காதுல சொல்றீங்க?"

மதியம் அவள் போனாள். தொட்டியைப் புரட்டவும் செய்தாள்.

மாமாவின் கோபம் நீடித்தது. அவசரக்காரருக்குக் கோபமும் சீக்கிரம் ஆறிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவர் பொறுமையோடு வளர்த்த ஒரே பொருள் அதுதான். மனைவியோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது வேண்டுமென்றால் மாட்டிடம் சொல்வார்: "உன் எஜமானியம்மாகிட்ட டீ கேட்டேன்னு சொல்லு." அக்காவும் மாட்டிடமே பதில் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு லாயத்துப் பின்னறைக்கு வந்துவிடுவாள்.

சல்லடையின் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று பின்னாளில் யார் கேட்டாலும், அவள் சொன்னது அந்த மதியங்களைத்தான். வேலை திரும்பி வந்ததையோ, நிறுவனத்து ஆள் அடுத்தமுறை வந்து அக்காவின் கொட்டிலில் நின்று டீ குடித்ததையோ அவள் சொன்னதில்லை. லாயத்தில் குதிரைகள் காலை மாற்றி மாற்றி நிற்கும் சத்தம். ஓட்டின் இடுக்கு வழியே தரையில் விழும் வெயில் வட்டங்கள். பிசின் காயும் வாசனை. பரப்பிய காகிதத்தின் இரு பக்கமும் சம்மணமிட்டு உட்கார்ந்து, அள்ளப்படாமல் தப்பிய குவியலிலிருந்து சலித்தெடுத்த கூடுகளைப் பொறுக்கும் இருவர். சின்ன வயதில் தானியத்தில் கல் பொறுக்கியது போலவே அக்கா விரலை நக்கி நக்கிப் பொறுக்குவாள்.

"விரலை நக்காத அக்கா. எதுல கை வைக்கிறேன்னு தெரியுமா?"

"உன்னைத் தூக்கி வளர்த்த கைடி. அதுக்கு மேல என்ன அசிங்கம் இருக்கு?"

இருவரும் சிரிப்பார்கள். அன்றைக்கு ஏன் பேசாமல் நின்றாய் என்று சல்லடை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலே அக்கா ஒருமுறை, காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் முகத்தைப் பாத்தேன். பேசினா அழுதுடுவேன்னு மாட்டைத் தேய்ச்சேன். அப்புறம் நாள் போகப் போக, பேச எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்றாள்.

"முட்டுச்சந்துக்குள்ள நின்னு என்ன பண்ணுவ?"

"என்ன பண்ணுவேன்? சுவத்தைப் பாத்துட்டு நிப்பேன். நீ போயிட்டியான்னு எட்டிப் பாப்பேன். நீயும் போகாம நிப்பே."

"நின்னேன்தான்."

அக்கா மேலும் ஒரு பிடியை அள்ளி காகிதத்தில் பரப்பினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாமா நின்றுகொண்டிருந்தார், வெற்று டீக் குவளை கையில். உள்ளே இரண்டு பெண்களையும் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், லாயத்துக் குதிரையாவது பக்கத்தில் நிற்கிறதா என்று தேடினார். தூது சொல்ல அங்கே மாடு எதுவும் இல்லை.

"சர்க்கரை டப்பா எங்க இருக்கு?" என்றார் கடைசியில், நேராக மனைவியிடம்.

"அடுப்புக்கு மேல. தேடி எடுத்துக்கோங்க" என்றாள் அக்கா. அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு அக்கா டீ போட எழுந்தாள்; வாசலில் திரும்பி, "இதை எல்லாம் அப்படியே வெச்சிரு, நான் வந்து பொறுக்குறேன். நீ பொறுக்கினா பாதியை விட்டுருவ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.